தீ அணைந்த பிறகு நிலத்துக்கு நேர்வது

காட்டுத் தீ ஓரிடத்தைக் கடந்துபோகச் சில நிமிடங்களே போதும். அது எரித்துவிட்டுப் போன மூடுபடை மீண்டும் சேர்வதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். சருகும் மட்கும் பாசியும் படிந்து உண்டான அந்தப் படைதான் மண்ணை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கிறது. ஆகவே எத்தனை மரங்கள் கருகின என்று எண்ணுவதால் மட்டும் ஒரு தீயின் பாதிப்பு விளங்கிவிடாது. நிலத்தின் மேல் எத்தனை அங்குல மூடுபடை மிஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும். வன்னியின் வரண்ட காடுகளுக்கும் கனடா, அலாஸ்கா, சைபீரியாவின் குளிர்காடுகளுக்கும் இது பொதுவான உண்மை. இங்கே அந்தப் படைக்குக் கீழே இருப்பது செங்கபில மண். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உருகாத உறைநிலம்.

இலங்கையின் வன்னியில் உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் காடுகளை உலர் கலப்பு என்றும்பசுமைக் காடு என்று வகைப்படுத்துவார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 முதல் 1500 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையான சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகக் காற்று நிலத்தை உலர்த்திக்கொண்டே இருக்கும். இந்த நெடிய வரட்சியிலும் பாலை, வீரை, கருங்காலி, முதிரை போன்ற மரங்களால் ஆன காடு முழு நிர்வாணமாவதில்லை. சில மரங்கள் இலை உதிர்க்கும், பல மரங்கள் உதிர்க்காது. உச்சிகள் ஒன்றோடொன்று இணைந்து நிற்பதால் தரையில் வெயில் விழுவது குறைவு. வெயில் குறைந்த இடத்தில் புல் செழிக்காது. புல் இல்லாத தரையில் தீ வேகமாக ஓட வழியில்லை. முதிர்ந்த வன்னிக் காடு இதனாலேயே எளிதில் பற்றிக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் இலங்கையின் மற்றொரு நிலத்தையும் நினைவுகூர வேண்டும். பிபிலை, மொனராகலைப் பக்கத்துப் புல்வெளிக் காடுகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் உயரமான புல்லுக்கு நடுவே தனித்தனியாக நிற்கின்றன. அங்கே தீ அடிக்கடி வருவது. தடித்த பட்டையும், எரிந்தபின் அடியிலிருந்து துளிர்க்கும் இயல்பும் உள்ள மரங்களே அங்கு நிலைத்திருக்கின்றன. வன்னிக் காட்டின் மரங்களில் சில எரிந்தபின் துளிர்த்தாலும், அவை அப்படி அடிக்கடி வரும் தீயோடு பழகியவை அல்ல. பாலை மிக மெதுவாக வளரும் மரம். அதன் நாற்று சருகு நிழலில் பல ஆண்டுகள் சிறு செடியாகவே நிற்கும். ஒரு தரைத் தீ பெரிய பாலை மரத்தைக் கொல்லாமல் போகலாம். ஆனால் அதன் அடுத்த தலைமுறையை முழுவதுமாகத் துடைத்துவிடும்.

வன்னியில் தீ வைப்பது பெரும்பாலும் மனிதர்தான். மின்னல் வரும் காலம் மழையும் வரும் காலம் என்பதால் இயற்கையான தீ அரிது. சேனைப் பயிருக்கு வெட்டிய காட்டை எரிக்கும்போது எல்லை தாண்டுவது, மாடுகளுக்கு இளம்புல் கிடைக்கட்டும் என்று காய்ந்த புல்லைக் கொளுத்துவது, மான் மேய வரும் என்று வேட்டைக்காரர் எரிப்பது, தேன் எடுப்பவர்களின் தீப்பந்தம், வீதியோரத்தில் வீசிய சிகரெட்டுத் துண்டு ஆகியவை வழக்கமான காரணங்கள். காட்டின் ஓரங்களில் தொடங்குவதே இந்தத் தீக்களின் பொது இயல்பு.

இனி மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சுவாலை எவ்வளவு உயர்ந்து எரிந்தாலும் அதன் வெப்பத்தின் பெரும்பங்கு மேலேதான் போகிறது. மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அதிலும் ஈரம் இருந்தால், அந்த நீர் முழுவதும் ஆவியாகி முடியும்வரை மண்ணின் வெப்பநிலை 100 பாகை செல்சியசைத் தாண்டாது. புல்லும் சருகும் எரியும் சாதாரணத் தரைத் தீயில், மேற்பரப்பில் 200, 300 பாகை இருந்தாலும் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. நிலத்துக்குள் இருக்கும் கிழங்கும் ஆழ்ந்த வேரும் தப்பிவிடுகின்றன. மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் இருப்பவைக்குத்தான் அழிவு. மெல்லிய வேர்கள் 50 பாகையை அண்டியே இறக்கின்றன. பல விதைகளும் பூஞ்சைகளும் 100 பாகைக்குள் முடிந்துவிடுகின்றன.

விழுந்த மரமோ குவித்த கட்டைகளோ எரியும் இடத்தில் நிலைமை வேறு. மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காகக் கனன்று எரியும் கட்டையின் கீழே மண் 500 பாகைக்கு மேல் சூடேறலாம். அந்த மண்ணில் உள்ள மட்கு முழுவதும் எரிந்துபோகும். இரும்புச் சேர்வைகள் மாறி மண் செங்கல் நிறமாகும். சேனை எரித்த நிலத்தில் ஆங்காங்கே வட்டமாகவும் நீளமாகவும் தெரியும் சிவந்த தழும்புகள் இவைதான். அந்த இடங்களில் முதல் மழைக்குப் பிறகும் எதுவும் முளைக்கத் தாமதமாகும்.

ஆக, சுவாலையின் நேரடிச் சூடு ஆழமாகப் போவதில்லை. அப்படியிருந்தும் எரிந்த நிலம் ஆண்டுக்கணக்காக மாறிக்கொண்டே போகிறது. இதற்கான விளக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது வட துருவத்தை அண்டிய காடுகள்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பூச்சிய பாகைக்கு மேல் வெப்பமடையாத நிலமே நிரந்தர உறைநிலம். அலாஸ்கா, வட கனடா, சைபீரியா ஆகிய இடங்களில் இது பல மீற்றர் தொடங்கிப் பல நூறு மீற்றர் ஆழம் வரை பரந்திருக்கிறது. இதன் மேல்தட்டு மட்டும் ஒவ்வொரு கோடையிலும் உருகி, குளிர்காலத்தில் மீண்டும் உறையும். அரை மீற்றர் அளவேயான அந்த உருகும் தட்டில்தான் கருநிற ஸ்புரூஸ், லார்ச் போன்ற ஊசியிலை மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. உறைநிலத்தைத் தாண்டி வேர் இறங்க முடியாது. நீரும் இறங்க முடியாது. அதனால் தரை சதுப்பாகி, பாசி மெத்தை மெத்தையாக வளர்கிறது. குளிரில் மட்குதல் மெதுவாகவே நடப்பதால் பாசியும் ஊசியிலையும் பல சென்ரிமீற்றர் தடிப்புக்குக் குவிகின்றன.

ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள் புதைத்து வைத்தால் வெயிலிலும் அது நெடுநேரம் கரையாது. பாசிப் படை உறைநிலத்துக்குச் செய்வதும் அதையே. கோடையில் உலர்ந்த பாசி வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. இலையுதிர் காலத்தில் அதே பாசி நனைந்து உறையும்போது வெப்பம் நிலத்திலிருந்து எளிதாக வெளியேறுகிறது. காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் உருகியிருக்க வேண்டிய பல இடங்களில் உறைநிலம் இன்னும் இருப்பது இந்தப் பாசியால்தான்.

இதற்கு நல்ல சான்று அலாஸ்காவின் பெயார்பாங்ஸ் நகரருகே கிடைத்தது. 1946இல் அமெரிக்க இராணுவப் பொறியியலாளர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் மூன்று துண்டு நிலங்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஒன்றைத் தொடாமல் விட்டார்கள். இரண்டாவதில் மரங்களை மட்டும் வெட்டினார்கள். மூன்றாவதில் மரத்தோடு பாசிப் படையையும் உரித்து எடுத்தார்கள். 26 ஆண்டுகளுக்குப் பிறகு அளந்தபோது, தொடாத நிலத்தில் உறைநிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. மரம் மட்டும் வெட்டிய நிலத்தில் அது 4.7 மீற்றர் ஆழத்துக்கும், பாசியும் உரித்த நிலத்தில் 6.7 மீற்றர் ஆழத்துக்கும் கீழே போயிருந்தது. இந்தப் பரிசோதனையில் தீயே இல்லை. மூடுபடையை நீக்கியதும் மற்றதை வெயில் செய்து முடித்தது.

கடுமையான காட்டுத் தீ செய்வது மூன்றாவது துண்டில் செய்த அதே வேலை. கூடவே தரையைக் கரியாக்கிக் கறுப்பாக்கவும் செய்கிறது. பெயார்பாங்ஸ் பகுதியில் எரிந்த காடுகளை ஆராய்ந்தபோது, முன்பு விழும் ஒளியில் 14 வீதத்தைத் திருப்பியனுப்பிய தரை, எரிந்தபின் 5 வீதத்தையே திருப்பியனுப்பியது. மரங்கள் இறந்ததால் நிழலும் இல்லை; இலை வழியாக நீர் ஆவியாகி நிலத்தைக் குளிர்விப்பதும் இல்லை. இருந்தும் அந்த ஆய்வில் தெரிந்த முக்கியமான செய்தி வேறு. தரை எவ்வளவு கறுத்திருந்தாலும், 7 முதல் 12 சென்ரிமீற்றர் வரை பாசிப் படை எரியாமல் மிஞ்சிய இடங்களில் உறைநிலம் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. கனிம மண் தெரியும்வரை எரிந்த இடங்களில் உருகும் தட்டு ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டு போனது. ஒரு சாண் அளவுக்கும் குறைந்த பாசியே ஒரு காட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

உறைநிலத்தில் பனிக்கட்டி அதிகமாக இருந்தால் விளைவு கண்ணுக்கே தெரியும். நிலத்தைத் தாங்கியிருந்த பனிக்கட்டி நீராகி ஓடியதும் தரை குழிந்து இறங்குகிறது. மரங்கள் நாலா பக்கமும் சரிகின்றன. குழிகளில் நீர் தேங்கிக் குட்டையாகிறது. கறுத்த நீர் இன்னும் வெயிலை உறிஞ்சி, கரையை அரித்து, குட்டை ஏரியாக விரிகிறது. வீதிகளும் எண்ணெய்க் குழாய்களும் வீடுகளும் இந்தக் குழிவில் சேதமாகின்றன.

உலகத்துக்குப் பெரிய கவலை காபன். வட பிரதேச உறைநில மண்ணில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி தொன் காபன் புதைந்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வளிமண்டலத்தில் இப்போதுள்ளதைவிட இது கிட்டத்தட்ட இரு மடங்கு. உறைந்திருக்கும்வரை அது மட்குவதில்லை. உருகியதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்க, உலர்ந்த இடத்தில் காபனீரொட்சைட்டும் நீர் தேங்கிய இடத்தில் மெதேனும் வெளியேறுகின்றன. தீயிலே எரிந்து போகும் காபனும் கொஞ்சமல்ல. 2007இல் அலாஸ்காவின் வடகோடியில், மரமே இல்லாத துந்திராவில், மின்னல் பற்றவைத்த அனக்டுவுக் ஆற்றுத் தீ 1,039 சதுர கிலோமீற்றரை எரித்தது. அந்த ஒரு தீயில் மட்டும் சுமார் 21 இலட்சம் தொன் காபன் வெளியேறியது.

வட காடுகளுக்குத் தீ புதியதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கருநிற ஸ்புரூசின் காய்கள் தீயின் சூட்டில்தான் நன்றாகத் திறந்து விதை சிந்துகின்றன. முன்பு ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடையே நூறு ஆண்டளவு இடைவெளி இருந்தது. அதற்குள் பாசி மீண்டும் தடித்து, உறைநிலமும் மேலெழுந்துவிடும். இப்போது கோடை சூடாகி, தீ அடிக்கடி வருகிறது, ஆழமாகவும் எரிக்கிறது. 2021இல் சைபீரியாவின் சகா குடியரசில் 80 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்தது. 2023இல் கனடா முழுவதிலும் எரிந்த பரப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேயர். இது இலங்கையின் பரப்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அவ்வாண்டு ஆகஸ்டில் யெலோநைஃப் நகரத்து மக்கள் ஏறக்குறைய 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். யூன் மாதத்தில் ரொறன்ரோவின் வானத்தைப் புகை மூடியபோது, வன்னியிலிருந்து போய் அங்கே குடியேறியவர்களும் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள்.

வன்னியில் உருகுவதற்குப் பனி இல்லை. மூடுபடை போன பிறகு இங்கே வேலையை எடுத்துக்கொள்வது வெயிலும் மழையும். ஆடி, ஆவணியில் தீ வந்தால் ஐப்பசி மழை வரை இரண்டு மூன்று மாதம் நிலம் திறந்து கிடக்கும். வன்னியின் பெரும்பகுதியில் உள்ள செங்கபில மண் உலர்ந்தால் கல்லாக இறுகும். நனைந்தால் சேறாகக் குழையும். சருகு மூடியிருக்கும்போது மழைத்துளி முதலில் சருகில் விழுந்து, வேகம் குறைந்து, கறையானும் மண்புழுவும் வேரும் துளைத்த வழிகளால் கீழே இறங்கும். திறந்த தரையில் துளி நேராக மண்ணை அடிக்கிறது. சிதறிய நுண்மண் துளைகளை அடைத்து, மேலே மெல்லிய ஓடு போன்ற படலம் உண்டாகிறது. சில இடங்களில் எரிந்த சருகின் மெழுகுப் பொருள் ஆவியாகி மண்துகள்களில் படிந்து, நீர் ஒட்டாத தன்மையையும் கொடுக்கிறது. இறங்க வேண்டிய நீர் மேலால் ஓடத் தொடங்கும். சாம்பலையும் மேல்மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

அது போய்ச் சேரும் இடம் குளம். வன்னியில் காடும் குளமும் வயலும் ஒரே தொடர். கனகராயன் ஆற்று நீர் காடுகளைக் கடந்து இரணைமடுவுக்கு வருகிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு என்று பெரிய குளங்களுக்கும், பெயர் வெளியே தெரியாத நூற்றுக்கணக்கான சிறு குளங்களுக்கும் மேலே காடுதான் நீரேந்து பகுதி. அலைகரையில் நிற்கும் மரமும் புல்லும் வண்டலை வடித்து, தெளிந்த நீரைக் குளத்துக்குள் விடுகின்றன. மேலே காடு எரிந்தால் முதல் மழை கறுத்த நீராக வரும். பின்வரும் மழைகள் மண்ணைக் கொண்டுவந்து குளத்தின் அடியில் படிய வைக்கும். குளக்கட்டு அப்படியே நிற்க, கொள்ளளவு மட்டும் குறைந்துபோகும்; மாரியில் விரைவாக வான் பாயும், சிறுபோகத்துக்கு நீர் போதாது. குளத்தைத் தூர்வார ஆகும் செலவையும், நீரேந்து காட்டில் தீத்தடுப்புப் பாதை வெட்ட ஆகும் செலவையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டியது மிக அவசியம். இரண்டும் வெவ்வேறு திணைக்களங்களின் கணக்கில் இருப்பதால் இந்தத் தொடர்பு எளிதில் கண்ணில் படுவதில்லை.

சேனைத் தீயை இதிலிருந்து பிரித்துப் பார்ப்பதே நியாயம். காட்டை வெட்டி, காயவிட்டு, ஆவணி புரட்டாசியில் எரித்து, முதல் மழையோடு குரக்கன், சோளம், எள்ளு, பயறு விதைப்பது உலர்வலயத்தின் மிகப் பழைய வேளாண்மை. சாம்பலில் உள்ள பொற்றாசியம், கல்சியம், பொசுபரசு பயிருக்கு உடனே கிடைக்கும். இவை ஆவியாக மிக அதிக வெப்பம் வேண்டும். நைதரசன் மட்டும் 200 பாகைக்கு மேல் போகத் தொடங்கிவிடும். அதனால்தான் முதல் போகம் செழிக்கிறது, இரண்டாவது மூன்றாவது போகத்தில் விளைச்சல் விழுந்து களை ஏறுகிறது. அப்போது நிலத்தை விட்டுவிட்டு வேறிடம் போய், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே திரும்பி வருவது பழைய முறை. அந்த இடைவெளியில் பற்றைக் காடு எழுந்து, சருகு சேர்ந்து, நைதரசன் மீண்டுவிடும். பிரித்தானிய ஆட்சி 1840இன் முடிக்குரிய காணிகள் சட்டத்தால் பயிரிடப்படாத காட்டு நிலத்தை அரச உடைமையாக்கியதும் சேனைக்கான பரப்புச் சுருங்கியது. இன்று இடைவெளி மிகக் குறுகிவிட்டது. சேனையைச் சீரழித்தது தீயைவிட இந்தக் குறுகலே.

அடிக்கடி எரியும் நிலத்தில் காடு திரும்பி வராது, புல் வரும். இலுக்குப் புல்லின் தண்டு மண்ணுக்குள் இருப்பதால் மேலே எரிந்தாலும் சில நாட்களில் கூரிய தளிர் விடுகிறது. தீவனத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு எங்கும் பரவிய கினிப் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து, வரட்சியில் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். உண்ணிச்செடியும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். உள்நாட்டுப் போரின்போது ஆளில்லாமல் விடப்பட்ட காணிகளிலும் வீதியோரங்களிலும் இந்தப் புல்லும் பற்றையுமே காட்டின் விளிம்பு வரை நிரம்பின. புல் தீயை அழைக்கிறது; தீ மரக்கன்றைக் கொன்று புல்லுக்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காட்டின் விளிம்பு சில மீற்றர் உள்ளே போகிறது. நட்சத்திர ஆமை போன்ற மெதுவாக நகரும் உயிர்கள் இத்தகைய தரைத் தீயில் தப்புவதில்லை. பாலைப்பழத்தை நம்பியிருக்கும் கரடிக்கு, பாலைக் கன்றுகள் அழிந்த இழப்பு பின்னால் வந்து சேரும்.

வடக்கே உருகி இறங்கிய நிலத்தை மீண்டும் நிமிர்த்த வழியில்லை. அங்கே செய்யக்கூடியது தீ பரவும் முன் அதைத் தடுப்பது. மனிதர் வாழாத இடங்களில் தீயை எரியவிடுவதே அலாஸ்காவின் வழக்கம். யூக்கன் பிளாட்ஸ் வனவிலங்குப் புகலிடத்தில் 2023இல் அது மாறியது. பனிக்கட்டியும் பழைய காபனும் நிறைந்த உறைநிலத்தைக் காப்பதற்காகவே 16 இலட்சம் ஏக்கரில் தீயை உடனே அணைப்பதென்று முடிவானது.

வன்னியில் செய்யக்கூடியது அதைவிட அதிகம், செலவும் குறைவு. 1907ஆம் ஆண்டின் வனச் சட்டம் ஒதுக்குக் காட்டுக்குள் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் தீ தொடங்குவது காட்டோரக் காணிகளில். அங்கே ஆனி மாதத்துக்குள் கினிப் புல்லை வெட்டி மாட்டுக்குப் போடுவதும், காணிக்கும் காட்டுக்கும் இடையே சில மீற்றர் அகலத்துக்கு நிலத்தைச் செருக்கி வைப்பதும், காற்று ஓய்ந்த மாலையில் அயலவர் சேர்ந்து நின்று எரிப்பதும் பெரும்பாலான தீயைத் தடுத்துவிடும். எரிந்துவிட்ட நிலத்திலும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு மாதமாவது அவகாசம் கிடைக்கும். கருகி விழுந்த கொப்புகளை அள்ளிப் போகாமல், சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கிடத்தினால் ஓடும் மண் அங்கே தங்கும். எஞ்சிய மரங்கள் தீக்குப் பிறகு உதிர்க்கும் கருகிய இலைகளைக் கூட்டாமல் விட்டால் அதுவே முதல் மூடுபடை. முதல் இரண்டு மாரிக்கு மாடுகளை உள்ளே விடாமல் வைத்திருந்தால், எரிந்த அடிமரங்களிலிருந்து வீரையும் முதிரையும் துளிர்த்து, தரையில் மீண்டும் நிழல் விழும்.